பச்சை நிறத்துக்கு அடியில் என்ன மண்?

ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில், குளுவாங்குக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டி ரெங்கம் என்ற சிறிய ஊர் இருக்கிறது. மலேசியத் தமிழர்களுக்கு அது தோட்டப்புறத்து ஊர். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பெயர். மண்ணியல் படித்தவர்களுக்கோ ரெங்கம் என்பது ஒரு மண். கருங்கல் பாறை நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உருவான, ஆழமான, தண்ணீர் தேங்காத, மஞ்சள் கலந்த செம்மண். ஒரு மண் வகைக்கு அது தெளிவாகக் காணப்படும் ஊரின் பெயரையே வைப்பது மண்ணியலாளர் வழக்கம். அப்படித்தான் ரெங்கம் தொடர், சிகாமட் தொடர், பத்து ஆனம் தொடர் என்று ஜொகூரின் ஊர்கள் தீபகற்ப மலேசியாவின் மண் வரைபடத்தில் ஏறின. அந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டிய 1968-ஆம் ஆண்டு மண் வரைபடத்தை விளக்கி எழுதிய இருவரில் ஒருவர் செல்வதுரை. மலேசிய மண் வகைகளை இனம்காண இன்று பலரும் கையில் எடுக்கும் நூலை 2000-இல் எழுதியவர் பரமானந்தன். தமிழர் அந்த மண்ணை மண்வெட்டியால் மட்டும் அறியவில்லை, துளைத்துப் பார்த்தும் ஆய்ந்தும் அறிந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்த மண் பெயர்களுக்கு இப்போது புதிய வேலை வந்திருக்கிறது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டபோது அதன் அதிர்வு மலேசியக் கடைகளில் தெரிந்தது. இறக்குமதி அரிசி விலை ஏறியது. உள்ளூர் அரிசி கிடைப்பது அரிதானது. தன் அரிசித் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மலேசியா வெளிநாட்டை நம்பியிருக்கிறது. கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல், அநேகமாக முழுவதும், அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கெடாவுக்கு மூடா, கிளந்தானுக்குக் கெமுபு என்று பெரிய நெற்களஞ்சியங்கள் உண்டு. ஜொகூரில் நெல் வயல் சில ஆயிரம் ஹெக்டேர்தான். எனவே கேள்வி இயல்பாகவே எழுகிறது: இந்தத் தென்கோடி மாநிலத்தில் தானியம் விளையுமா, விளையும் என்றால் எங்கே?

இந்தக் கேள்விக்குக் கணினி வரைபடத்தில் விடை தேடுவது புதிய யோசனையல்ல. ஜிஐஎஸ் என்று நாம் சுருக்கி அழைக்கும் புவியியல் தகவல் அமைப்பே இதே கேள்வியிலிருந்துதான் பிறந்தது. 1960-களில் கனடா தன் நிலம் முழுவதையும் எது பயிருக்கு, எது காட்டுக்கு, எது விலங்குகளுக்கு என்று தரம் பிரிக்க நினைத்தது. காகித வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையால் அளப்பதற்கு ஆளும் காலமும் போதாது என்று கண்ட ரோஜர் டாம்லின்சன் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார். உலகின் முதல் ஜிஐஎஸ் அதுதான். இன்று ஜொகூரின் ஸ்கூடாயில் ஒரு கல்லூரி மாணவர் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளைத் தன் மடிக்கணினியில் திறந்து அதே வேலையைச் செய்ய முடியும். மழை ஒரு அடுக்கு, வெப்பம் ஒரு அடுக்கு, சரிவு ஒன்று, மண் ஒன்று, சாலை ஒன்று. நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு அடுக்கிலும் மதிப்பெண் போட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் வரைபடம் தயார். பச்சை என்றால் பயிரிடலாம், சிவப்பு என்றால் வேண்டாம்.

எந்த அடுக்குக்கு எவ்வளவு எடை என்பதைத் தீர்மானிக்கப் பெரும்பாலோர் தாமஸ் சாட்டி வகுத்த முறையைப் பின்பற்றுகிறார்கள். காரணிகளை இரண்டிரண்டாக எடுத்து, இதைவிட அது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரையிலான அளவில் நிபுணர்களைக் கேட்பது அந்த முறை. மழையைவிட மண் 3 மடங்கு முக்கியம், சாலையைவிட மழை 2 மடங்கு முக்கியம் என்று சொன்னவர், சாலையைவிட மண் ஏறக்குறைய 6 மடங்கு முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்பதையும் கணக்குப் போட்டுச் சோதிக்கலாம். முரண்பாட்டு விகிதம் 0.1-க்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது சாட்டியின் விதி. நல்ல முறைதான். ஆனால் நிபுணர் தனக்குத்தானே முரண்படவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அவர் சொன்னது நிலத்துக்குப் பொருந்துகிறதா என்பதை அது காட்டாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேற்குக் கடலோரத்தில் பொந்தியான் பக்கம் ஒரு கட்டத்தை மக்காச்சோளத்துக்காக மதிப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. வெப்பத்துக்குப் பத்தில் 9, மழைக்கு 9. நிலம் சமதளம் என்பதால் சரிவுக்கு முழுசாக 10. பக்கத்தில் நல்ல சாலை உண்டு, 8. மண்ணுக்கு மட்டும் 2. எடைகள் முறையே 20, 20, 15, 15, 30 விழுக்காடு. மண்ணுக்குத்தான் அதிக எடை. யாரும் குறை சொல்ல முடியாது. பெருக்கிக் கூட்டினால் 6.9 வருகிறது. வரைபடத்தில் அந்தக் கட்டம் இளம்பச்சையாகிவிடும். மிதமாகப் பொருத்தம் என்று குறிப்பு எழுதுவார்கள். அந்த 2 மதிப்பெண் எதைக் குறிக்கிறது? அங்கே கீழே பல மீட்டர் ஆழத்துக்குக் கம்புட். மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்லும் கரிச்சதுப்பு மண், அழுகி முடியாத மரமும் வேரும் இலையும் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் குவியல். அமில எண் (pH) 3 முதல் 4 வரை. செம்பும் துத்தநாகமும் பற்றாக்குறை. மக்காச்சோளம் அங்கே முழங்கால் உயரத்தைத் தாண்டுவதே கஷ்டம். ஐந்து பாடத்தில் நான்கில் நல்ல மார்க் வாங்கி, ஒன்றில் முட்டை வாங்கிய பிள்ளையின் சராசரியை மட்டும் பார்த்துப் பாஸ் போட்ட கதைதான் இது.

செடிக்குச் சராசரி தெரியாது. எந்த ஒன்று மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் அதன் வளர்ச்சியை நிறுத்தும். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 19-ஆம் நூற்றாண்டிலேயே பரப்பிய கருத்து இது. உலக உணவு வேளாண் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட நில மதிப்பீட்டுச் சட்டகமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. நன்கு பொருத்தம், மிதம், சொற்பம், இப்போதைக்கு இல்லை, எப்போதும் இல்லை என்று அதில் ஐந்து வகுப்புகள். வகுப்போடு ஓர் எழுத்தும் சேர்த்து, எந்தக் குறையால் இந்த நிலம் கீழிறங்கியது என்றும் அங்கேயே குறிக்கச் சொல்கிறது. மலேசிய வேளாண் துறைக்காக வோங் வகுத்து 1986-இல் திருத்தி வெளியிட்ட பயிர்ப் பொருத்த முறை இன்னும் கறாரானது. கூட்டலே கிடையாது, குறைகளை எண்ணுவதுதான். கடுமையான குறை ஒன்று இருந்தால் மூன்றாம் வகுப்பு, ஒன்றுக்கு மேல் இருந்தால் நான்காம் வகுப்பு, மிகக் கடுமையான குறை ஒன்றே ஒன்று இருந்தாலும் ஐந்தாம் வகுப்பு. வேறு எத்தனை நன்மை இருந்தாலும் மீட்சி இல்லை. கணினி வந்த பிறகு இந்தப் பழைய முறையை விட்டுவிட்டு, எடைபோட்டுக் கூட்டும் முறைக்கு ஆய்வாளர்கள் தாவியதை நான் முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் ஒரு தடையும் இல்லை. முதலில் உயிர் போகும் குறை உள்ள கட்டங்களை வெளியே தள்ளிவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மட்டும் எடை போட்டால் போதும்.

ஜொகூர் கணக்கில் இன்னொரு மயக்கமும் உண்டு. மாநிலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்று முதல் மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. மூவாரிலும் கோத்தா திங்கியிலும் ஆண்டு சராசரி வெப்பம் 26, 27 டிகிரிதான். பகல் பொழுது வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கும் ஓர் அடுக்கு எந்த நிலத்தையும் மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. எல்லோரையும் சமமாகத் தூக்கிவிட்டு வரைபடத்தைப் பச்சையாக்குவது மட்டுமே அதன் வேலை. மேலே போட்ட கணக்கில் வெப்பத்தையும், எங்கும் தாராளமான ஆண்டு மொத்த மழையையும் எடுத்துவிட்டு மீதி எடைகளை நூறாக்கினால் 6.9 என்பது 5.5 ஆகிவிடும். கோதுமை, மக்காச்சோளம், நெல் ஆகியவற்றில் எதை எடுப்பது என்று பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்பம் தேவை. கோதுமைக்கு வேண்டிய குளிர் அங்கே கிடையாது, பேச்சு முடிந்தது. எந்த இடம் என்று தேர்ந்தெடுக்கும்போது வெப்பத்துக்கு வேலையில்லை.

மழை அப்படியல்ல. ஆண்டு மழையை மில்லிமீட்டரில் பார்த்தால் எல்லாப் பயிருக்கும் தாராளம். ஆனால் தானியத்துக்கு மழை எவ்வளவு என்பதைவிட எப்போது நிற்கும் என்பது முக்கியம். ஜொகூரின் சாலையோரக் கடைகளில் அவித்து விற்கும் இனிப்புச் சோளத்தைப் பாருங்கள். எழுபது எழுபத்தைந்து நாளில் கதிரைப் பச்சையாகவே ஒடித்துவிடுவார்கள். மழை பெய்தாலும் கவலையில்லை. தீவனத்துக்கான மக்காச்சோளம் அதே இனச் செடிதான். ஆனால் அது செடியிலேயே முற்றிக் காய வேண்டும். மணியின் ஈரப்பதம் 14 விழுக்காடு அளவுக்கு இறங்கினால்தான் சேமிக்கலாம். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு ஏறும். கோழிக்கு அது ஆகாது. கிழக்குக் கடலோரத்து மெர்சிங்கில் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதை அந்த மக்கள் மறக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் மீண்டும் சிகாமட், பத்து பகாட் பக்கம் வெள்ளம். ஆகவே மக்காச்சோளத்துக்கான மழை அடுக்கில் ஆண்டு மொத்தத்தை வைப்பதில் பொருளில்லை. அறுவடை மாதத்தில் தொடர்ந்து எத்தனை நாள் மழையில்லாமல் இருக்கும் என்று வைக்க வேண்டும். அப்படி வைத்த உடனே வரைபடத்தின் முகமே மாறிவிடும். கிழக்கு வெளிறும், உள்நாட்டுச் சிகாமட் பக்கம் கொஞ்சம் மேலே வரும்.

மேற்குக் கடலோரத்தில் கம்புட்டைவிட வஞ்சகமான இன்னொரு மண் இருக்கிறது. ஒரு காலத்தில் அலையாத்திக் காடாக இருந்த சேற்று நிலம் அது. கடல்நீரின் சல்பேட்டும் சேற்றின் இரும்பும், காற்றுப் புகாத அந்தச் சகதியில் பாக்டீரியாவின் துணையோடு சேர்ந்து பைரைட் என்ற தாதுவாகப் படிந்திருக்கின்றன. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது சாது. 1970-களில் உலக வங்கிக் கடனுதவியோடு மேற்கு ஜொகூரில் வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, கடல் ஏற்றத்தில் மூடி இறக்கத்தில் திறக்கும் மதகுகள் அமைத்துப் பெரும்பரப்பை வடித்தார்கள். தண்ணீர் இறங்கிய இடத்தில் காற்று இறங்கியது. பைரைட் கந்தக அமிலமாக மாறியது. அப்படிப்பட்ட மண்ணின் அமில எண் 3.5-க்கும் கீழே போகும். மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். செயற்கைக்கோள் இதைப் பார்க்காது. மேலே புல்லும் தென்னையும் செம்பனையும் பச்சையாகவே தெரியும். களத்தில் போய் மண் துளைக்கும் ஆகரை இறக்கினால்தான் தெரியும். முதல் அரை மீட்டர் பழுப்பு. அதில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள். அமிலம் ஏற்கெனவே உருவாகிவிட்டதன் அடையாளம் அவை. அதற்கும் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். அந்தச் சேற்றில் ஒரு கிள்ளு எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விட்டால் பொங்கி நுரைக்கும், சூடாகும். பிறகு அமிலத்தாளை நனைத்துப் பார்த்தால் எண் 2.5-க்கும் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலத்தை வடித்தால் பத்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதை ஐந்து நிமிடத்தில் காட்டும் சோதனை இது.

விஷயம் இங்கேதான் சுவையாகிறது. அதே மண்ணில் மக்காச்சோளம் சாகும், நெல் பிழைக்கக்கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இலங்கை வேதியியலாளர் ஃபெலிக்ஸ் பொன்னம்பெரும 1972-இல் எழுதிய ஆய்வுரை ஒன்றில், வயலில் நீர் கட்டியதும் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கினார். ஆக்சிஜன் தீர்ந்துபோனதும் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைப் பிடித்துக்கொள்கின்றன; அந்த வினையில் அமிலம் செலவாகிறது. சில வாரங்களில் பெரும்பாலான அமில மண்ணின் எண் 6.5, 7 என்று நடுநிலைக்கு வந்துவிடும். கடுமையான அமில சல்பேட் மண்ணில் இது மெதுவாகத்தான் நடக்கும். கரைந்த இரும்பே நெல்லுக்கு நஞ்சாவதும் உண்டு. ஆனாலும் கேரளத்தின் குட்டநாட்டில், கடல் மட்டத்துக்கும் கீழே, கரி நிலம் என்று அவர்கள் அழைக்கும் இதே இன மண்ணில் விவசாயிகள் நீரைக் கட்டியும் வடித்தும் அமிலத்தைக் கழுவி நெல் எடுக்கிறார்கள். நல்ல நிலம், கெட்ட நிலம் என்று பொதுவாக எதுவும் இல்லை. இந்தப் பயிருக்கு, இந்த நிர்வாகத்தில் என்று சேர்த்துச் சொன்னால்தான் பேச்சுக்கு அர்த்தம். மக்காச்சோளத்துக்கு ஐந்தாம் வகுப்பான கம்புட்டில் பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசி அமோகமாக விளைகிறது. அதை அழித்துத் தானியம் வைப்பது மடமை.

கம்புட்டுக்கு இன்னொரு நோயும் உண்டு. வடித்ததும் அது சுருங்கும், பிறகு மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து காற்றில் கரையும். மேற்கு ஜொகூரில் பல ஆண்டு அளந்து 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று, நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்வதாகக் காட்டியது. ஐம்பது ஆண்டில் ஒரு மீட்டர். கடல் இறக்கத்தின்போது மதகு திறந்தால் தானாக வடியும் நிலம், ஒருநாள் பம்பு வைத்தால்தான் வடியும் நிலமாகிவிடும். அதனால் அங்கே உயர அடுக்கு மிக முக்கியம். அந்த அடுக்குதான் மிக அதிகமாகப் பிழையுள்ளதும் கூட. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடார் மூலம் அளந்த உயரத் தரவைத்தான் பலரும் பதிவிறக்கிப் பயன்படுத்துகிறார்கள். அந்த ரேடார் அலை மரத்தின் தலையில் பட்டே பெரும்பாலும் திரும்பிவிடும். செம்பனைத் தோப்பில் அது காட்டுவது தரையை அல்ல, மட்டைகளின் உயரத்தை. கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டரே உயரமுள்ள ஒரு சமவெளியில் பல மீட்டர் தவறு என்றால் எது மேடு, எது பள்ளம் என்பதே தலைகீழாகிவிடும்.

அளவுகோலிலும் இதே எச்சரிக்கை தேவை. ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த மண் வரைபடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் என்பது தரையில் 25 ஹெக்டேர். ஒரு சிறு விவசாயியின் 2 ஹெக்டேர் அதில் பேனா முனைப் புள்ளியளவுகூட இல்லை. அந்த வரைபடத்தைக் கணினியில் ஏற்றி 10 மீட்டர் கட்டங்களாக நறுக்கினால் படம் கூர்மையாகத் தெரியும். தகவல் ஒரு துளியும் கூடியிருக்காது. நிலத்தில் எண்ணற்ற துளைகள் போட்டு மண் பார்த்த மனித உழைப்புக்கு மாற்று எதுவும் இன்னும் வரவில்லை.

சரி, மிஞ்சுவது என்ன? உள்நாட்டு மேட்டு நிலம். அங்கேதான் ரெங்கம் தொடர் பரந்து கிடக்கிறது. அதற்கும் குறை உண்டு: அமில எண் பெரும்பாலும் 4, 5 என்ற அளவில்தான், சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு, இட்ட பாஸ்பரஸை இரும்பு ஆக்சைடு கட்டிப்போட்டுவிடும். ஆனால் இவை திருத்தக்கூடிய குறைகள். சுண்ணாம்புத் தூள் இட்டு அமில எண்ணை 5.5-க்குக் கொண்டுவந்தால் அலுமினியம் அடங்கிவிடும். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓடுவதற்குச் சரிவு சுமார் 8 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. திருத்தக்கூடிய குறை, திருத்த முடியாத குறை என்ற இந்தப் பிரிவினையை வரைபடம் தனித்தனி நிறத்தில் காட்டினால் வேளாண் அதிகாரிக்கும் விவசாயிக்கும் அதைவிட உதவியான விஷயம் வேறில்லை.

தடை இனிமேல் மண்ணில் இல்லை. அந்த மேட்டில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மாநிலப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். லாபம் தரும் மரத்தை வெட்டிவிட்டுச் சோளம் போடு என்று யாரிடமும் சொல்ல முடியாது. காட்டில் கை வைக்கவும் கூடாது. ஆனால் செம்பனைக்கும் வயது உண்டு. ஏறக்குறைய 25 ஆண்டில் மரம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும், மகசூல் குறையும். சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். கன்றுகளுக்கு இடையே சுமார் 9 மீட்டர் இடைவெளி. முதல் இரண்டு மூன்று ஆண்டு அந்த இடைவெளியில் வெயில் முழுசாக விழும், தோட்டத்துக்கு வருமானம் இருக்காது. மக்காச்சோளத்துக்கான வாய்ப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதற்கு வேண்டிய அடுக்கை மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் தர முடியும்: எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு மரம் சாய்ந்தது என்ற கணக்கு. அதில் சமதளமான ரெங்கம் மண்ணை மட்டும் சலித்தெடுத்து, பக்கத்தில் மணி உலர்த்தும் நிலையம் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்தால், அந்த ஆண்டுக்கான பொருத்த வரைபடம் கிடைக்கும். நான்காம் ஆண்டு மட்டைகள் விரிந்து நிழல் மூடியதும் அந்தக் கட்டங்கள் வரைபடத்திலிருந்து விழும். குளுவாங் பக்கமோ லாபிஸ் பக்கமோ வேறு கட்டங்கள் ஏறும்.